பிழை வந்தால் அடுத்த வரி

முதல் மேக்ரோவை நான் எழுதவில்லை.
பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டு
வழக்கமான வேலையைச் செய்தேன்,
அது பார்த்துக்கொண்டிருந்தது.
பிறகு திறந்தால்
தப்பான கட்டத்தில் கை வைத்தது,
திரும்பி வந்தது,
டீக்காரர் வந்தபோது பக்கத்தைச் சும்மா
கீழே உருட்டி மேலே உருட்டியது,
எல்லாம் வரிவரியாகக் கிடக்கிறது.
என் கை இவ்வளவு தயங்கும் என்று
பதினோரு வருடமாக எனக்குத் தெரியாது.

பாப்பாக்குடி பீடிக் கடை.
வாரம் முந்நூற்று நாற்பது பாஸ்புக்.
கொடுத்த இலை, கொடுத்த தூள்,
சுற்றிக்கொண்டு வந்தது எத்தனை ஆயிரம்,
கழித்தது போக எவ்வளவு.
வெள்ளி ராத்திரி பத்து மணி வரை கூட்டுவேன்,
சனி காலையில் மறுபடியும்.
இரண்டும் ஒத்துப்போனால்
அன்றைக்குப் பண்டிகை.

மேனேஜர் தளவாய் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரம்
என் பள்ளிக்கூடம்.
ஒரு கையில் கூட்டாஞ்சோறு, ஒரு கையில் ஃபார் லூப்.
முடிவு எழுத மறந்த ஒரு லூப்
கரண்ட் போகும்வரை ஓடியது.
மின்வாரியத்துக்கு நான் நன்றி சொன்ன
ஒரே நாள் அது.

இஃப், எல்ஸ் எல்லாம் கஷ்டமில்லை.
வந்தா வாங்கிக்கிடுவோம், வரலைன்னா கெடக்கட்டும்:
இதைச் சொல்லாத வீடு எங்கள் தெருவில் உண்டா.
அந்தப் பிழைப் பெட்டிகள்தான் சகிக்கவில்லை.
ஒவ்வொரு முறையும் டிங் என்று ஒரு சத்தம்,
பக்கத்து மேஜை திரும்பிப் பார்க்கும்.

அப்போதுதான் அந்த வரி கிடைத்தது.
ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்.
பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்ததைப் பார்.
உச்சியில் ஒட்டிவைத்தேன்.
டிங் நின்றது.
முந்நூற்று நாற்பது பேர் கூலி,
நாற்பது விநாடி.
தளவாய் சார் குனிந்து பார்த்து
"ஏயப்பா" என்றார், அவ்வளவுதான்.
ஆறரைக்கு வீட்டுக்குப் போனேன்.
மகன் என்னைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான்.

சனிக்கிழமை ஜன்னலில் ஒரு பாஸ்புக் நீண்டது,
பின்னாலேயே இன்னொன்று.
"நாலாயிரம் போட்டிருக்கேன், எனக்கு இவ்வளவுதானா?"
"எனக்கும் கொறையுதுக்கா."
இரண்டு பேரும் முப்பிடாதி.

மூன்றாவது முப்பிடாதி
கூட்டம் கலையும்வரை சுவரோரம் நின்றாள்.
பாஸ்புக் அட்டையின் பின்னால்
பென்சிலில் கூட்டிப் பார்த்திருந்தாள்.
"எனக்குக் கூட வந்திருக்கு.
நான் சுத்துனது ரெண்டாயிரம்லா.
இது ஞானத்தங்கம் கணக்கு.
லிஸ்ட்ல எனக்கு முந்தின ஆளு அவதான்."

முந்தின ஆள்.
எனக்கு வியர்த்தது.
ஒருத்தி பெயரில் ஒரு ட் கூடுதல்,
ஒருத்தி பெயருக்குப் பின்னால்
நான் எப்போதோ தட்டிய வெற்றிடம்,
இவளை இனம் தெரிய
'கிணத்தடி' என்று சேர்த்து வைத்திருக்கிறேன்.
தேடிக் கிடைக்காத இடத்தில் என் நிரல்
முந்தினவள் கூலியைக் கையில் வைத்துக்கொண்டே
சத்தமில்லாமல் அடுத்த வரிக்கு வந்திருக்கிறது,
நான் சொன்னபடி.

"பேரை வச்சா தேடுதிய?" என்றாள்.
"பெறகு நம்பர் எதுக்கு அடிச்சு வச்சிருக்கு?"
மிச்சப் பணத்தை எண்ணி வைத்தாள்.
நான் எண்ணிப் பார்க்கவில்லை, பிறகு பார்த்தேன்,
சரியாக இருந்தது.

அன்று மதியம் கூட்டாஞ்சோறு ஆறிப்போனது.
உச்சி வரியை அழித்தேன்.
பெயரை எடுத்துவிட்டுப் பாஸ்புக் எண்ணைப் போட்டேன்.
இப்போது வெள்ளிக்கிழமை எட்டேகால் ஆகிறது,
மகன் கடிகாரம் பார்ப்பதில்லை.
மறுபடியும் டிங் கேட்கிறது, ஆனால்
பெட்டிக்குள் இருக்கும் வாக்கியம்
நான் தமிழில் தட்டியது:

இந்த எண்ணில் யாரும் இல்லை.
எழுந்து போய்க் கேட்டுட்டு வா.