ஜக்கசமுத்திரம் தாண்டி

ஒருநாள் பாலைவனம் காட்டுகிறேன் என்று
கல்யாணமான புதிதில் சொன்னவன் திம்மராயன்.
சொல்லிவிட்டு போர்வெல் லாரியேறி
பார்மருக்குப் போனான்.
ஒன்பது வருஷம்.
நான் மறக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை
முனிரத்தினத்தின் ஆம்னியை இரவல் வாங்கி வந்து
"ஏறு, காட்டறேன்" என்றான்.
எந்த வழியாக என்றேன்.
"ராயக்கோட்டை வழியாத்தான்."

கிருஷ்ணகிரி தாண்டும்போதே தூறல்.
வைப்பர் அவன் பக்கம் மட்டும் ஆடியது.
என் பக்கம் மாந்தோப்புகள்
சாயம்போன சேலைமாதிரி வழிந்துகொண்டே வந்தன.

ராயக்கோட்டைக்கு அப்பால்
சாலையோரம் குவிந்து கிடந்தது தக்காளி.
ஏற்றுகூலிக்கும் கட்டாதென்று
கூடை கூடையாய்க் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
மழை அதைக் கரைத்துத்
தாருக்குக் குறுக்கே ஓடவிட்டிருந்தது.
வண்டியை மெதுவாக்கினான்,
யாரோ படுத்திருப்பதைப் போல.

மாரண்டஅள்ளி.
அந்த அள்ளி, இந்த அள்ளி.
அள்ள என்னதான் இருக்கிறது இங்கே என்றேன்.
"கல்லு."
அப்புறம் ஜக்கசமுத்திரம்.
பெயர் வைத்தவன்
ஏதோ ஒரு நல்ல வருஷத்தில் வந்திருக்க வேண்டும்,
இல்லை, குடித்திருக்க வேண்டும்.

"அங்கயும் பாதி இடத்துல மணலே கிடையாது,"
கேட்காமலே சொன்னான்.
"முள்ளு, கல்லு, ஆடு. இதேதான்.
ஆயிரத்து இருநூறு அடி இறக்குவோம்.
வெறும் மாவு கிளம்பும், புகையாட்டம்.
காட்டுக்காரன் வெல்லத்த கையில வெச்சுக்கிட்டு நிப்பான்,
தண்ணி வந்ததும் எல்லாருக்கும் குடுக்க.
நாங்க குழாயத்தான் பாப்போம்.
அவன் மூஞ்சியப் பாக்க மாட்டோம்."

போனில் இதைச் சொன்னதில்லை.
போனில்
சாப்ட்டியா,
பணம் ஏறுச்சா,
மழ உண்டா.

தரைப்பாலத்தில் வண்டிகள் நின்றிருந்தன.
செம்மண் குடித்த தண்ணீர்
பாலத்தின்மேல் புரண்டு போயிற்று.
ஒரு பால்வேன், இரண்டு பைக்,
எட்டு வெள்ளாடுகளோடு ஒரு பெண்,
சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு.
ஆழம் எவ்வளவென்று யாருக்கும் தெரியவில்லை.

லுங்கியை மடித்துக் கட்டி இறங்கினான்.
புளியங்குச்சி ஒன்றை ஒடித்து
ஊன்றி ஊன்றி நடுவரைக்கும் போனான்.
ஒருமுறை கால் வழுக்கிற்று.
கதவைத் திறந்துவிட்டேன், செருப்பைக் காணவில்லை.
அதற்குள் நிமிர்ந்துவிட்டான்.

"ஒண்ணே கால் அடி!"
பால்வேனைப் பார்த்துக் கத்தினான்.
பிறகு என்னைப் பார்த்து இன்னொரு தரம்,
"ஒண்ணே கால் அடிடீ!"

சிரித்தான்.

எங்கள் ஊர்த் தண்ணீர் குடித்த பல்.
காவியேறி, விளிம்பு உதிர்ந்தது.
கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட
அவன் வாய் திறந்திருக்காது.
வீட்டில் சிரிப்பு வந்தால்
துண்டு இருக்கும், இல்லாவிட்டால் புறங்கை.
இப்போது ஒரு கையில் குச்சி,
மறு கையில் லுங்கி.
மழை நேராக வாய்க்குள் விழுந்தது.
ஆட்டுக்காரப் பெண்ணும் சிரித்தாள்.
நான் சிரித்தேனா என்று நினைவில்லை,
பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏறி உட்கார்ந்தான்.
சீட்டெல்லாம் ஈரம்.
சாவியைத் திருப்பினான், இருமியது.
திருப்பினான், இருமியது.

மூன்றாவது தரமும்
கிளம்பாமல் இருந்திருக்கலாம்.

கிளம்பிவிட்டது.
பாலக்கோட்டில் டீ குடித்தோம்.