கடைசி வரி

சனிக்கிழமை, மூக்கையூர். வெயில் ஏறுமுன்
முக்காலி மூன்றும் நட்டாயிற்று.
கீழக்கரை அஸ்மத்துல்லாவிடம் ஐந்நூறு மில்லிமீட்டர்,
வெள்ளைக் குழல், துபாய்க் காசு.
பிறந்த பிள்ளையைப் போல் துணி சுற்றித்தான் தூக்குவார்.
பரமக்குடி தேனப்பனுடையது வெறும் ஜூம்,
ஆனால் எஃப் எட்டில் யாருக்கும் சளைக்காதாம்.
என்னுடையது கேமராவோடு சும்மா வந்த பிளாஸ்டிக்.
என்னை அழைத்தது அதற்காக இல்லை,
அட்டைக்காக.

ஆஸ்பத்திரியில் கண் சோதிக்கிறவள் நான்.
பழைய அட்டை மஞ்சளேறி, போன வாரம்தான் புதுசு வந்தது.
கறுப்பும் வெள்ளையும் கத்தி மாதிரி.
"அதக் கொண்டாங்க மேடம், இன்னிக்குத் தீர்த்துருவோம்."

ஏலக்கூடத் தூணில் கட்டி
இருபது தப்படி அளந்தோம்.
டைமர் இரண்டு நொடி.
அந்த இரண்டு நொடியும் மூச்சைப் பிடித்து நின்றார்கள்,
அவர்கள் மூச்சுக்கு மணல்மூட்டை அசைந்துவிடும் என்பதுபோல.

பிறகு லேப்டாப். மேலே ஒரு சாரம்.
அந்தச் சின்ன இருட்டுக்குள் மூன்று தலை.
நூறு சதவீதம். இருநூறு.
'ட'வின் மூலையைப் பாருங்க,
என்னுதுல மூலை மூலையாவே நிக்குது.
உங்களுதுல ஊதா ஓரம்.
அது வெயில் பாய்.
வெயில் எனக்கும்தானய்யா அடிச்சுது.
என் படத்தை யாரும் திறக்கவில்லை.

வாரத்தில் ஆறு நாள் நான் கேட்கிற கேள்விதான் இது.
சட்டத்தில் கண்ணாடியை மாற்றி மாற்றிச் செருகி,
முதலாவதா, ரெண்டாவதா, எது தெளிவு?
நாற்காலியில் இருப்பவர்கள்
தப்பாய்ச் சொன்னால் அடி விழும் என்று பயந்து
ரெண்டும் நல்லாத்தான் இருக்கு தாயி என்பார்கள்.
சாரத்துக்குள் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

டீசல் கேனோடு இன்னாசி அப்போதுதான் வந்தார்.
"என்ன, ஆஸ்பத்திரி அட்டையா?"
எங்கள் முக்காலிகளுக்கும் பின்னால் நின்றபடி
கடைசி வரியை வாசித்தார்:
ட, ப, ய, ர, ங.
ஒரு தடங்கல் இல்லை.
அஸ்மத்துல்லா சாரத்தை விலக்கி எழுந்தார்.
தேனப்பன் கைதட்டினார்.
"கடல்காரன் கண்ணுய்யா! எந்தக் கம்பெனி ஈடாகும் இதுக்கு!"

நான் தட்டவில்லை.
அது பழைய அட்டையின் வரி.
புதிதில் கடைசி க, ந, ட, ப, ம.
இரண்டு மணி நேரமாய் மூலைகளைப் பார்த்தோமே,
ஒருவரும் அட்டையை வாசித்திருக்கவில்லை.

மார்கழி முகாமில், சங்கக் கட்டிடத்தில்,
முன்னால் நின்ற எட்டுப் பேர் சொல்லச் சொல்ல
காதால் படித்திருக்கிறார் மனுஷன்.
அன்றைக்கு இருநூற்றுப் பத்துப் பேர்.
டார்ச்சில் பேட்டரி இறங்கிப்போச்சு.
ஆறுக்கு ஆறு என்று எழுதி
நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

பாராட்டில் அவர் சிரித்துக்கொண்டிருக்கையில்
பிளாஸ்டிக்கை அவர் பக்கம் திருப்பினேன்.
"எடுத்துக்குங்க" என்று நிமிர்ந்தார்.
பெரிதாக்கினேன்.
மூக்கோரத்தில் முளைத்த சிவந்த சதை
கருவிழியில் பாதி ஏறிவிட்டது.
மற்றதின் நடுவே ஒரு மோர்த்துளி.
மூலையெல்லாம் குழைகிற லென்ஸ்தான்.
இதற்குப் போதும்.

அவர்கள் இதற்குள் எஃப் பதினொன்றுக்குப் போயிருந்தார்கள்.
படத்தை இன்னாசியிடமே நீட்டினேன்.
கை நீட்டித் தூரப் பிடித்தார், அப்புறம் கிட்டத்தில்.
"யாரு, நம்ம சவேரியா?"

செவ்வாய்க்கிழமை வாங்க என்றேன், மெதுவாக.
சிரிப்பு நின்றது.
"தடைக்காலம் வரட்டும், சித்திரையில வாரேன்.
இப்ப நண்டு படுது.
சங்கத்துல சொல்லிப்புடாதீங்க."
கேன் மணலில் கோடிழுக்கப் படகுக்குப் போனார்.
கோடு அவ்வளவு நேராக இல்லை.

வாடைக்கு அட்டை படபடத்தது.
"ஆடுது மேடம், புடிங்க!"
இரண்டு கையாலும் பிடித்து நிற்கிறேன்.
சொடக், சொடக்.
என் கட்டைவிரல் கடைசி வரியை மறைக்கிறது.
விரலை எடுங்க என்று
இதுவரை யாரும் சொல்லவில்லை.