நாற்பது மில்லி

களியக்காவிளை தாண்டியதும்
கடைப் பலகைகளில் எழுத்து உருண்டுபோகும்.
வலிக்கு இரண்டு எழுத்துமே தெரியாது.
பாறசாலை வளைவில் ஒரு தடவை,
நெய்யாற்றின்கரையில் மூன்று தடவை
முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டிக் குனிந்தேன்.
குனிந்தால் கொஞ்சம் தாங்கலாம்.
இருபத்தாறு வருஷம் அண்டி ஆபீசில்
குனிந்தே கொட்டை உடைத்த முதுகு,
அது ஒன்றுதான் இப்போது உதவுகிறது.

கணையம் என்றார்கள்.
அப்படி ஒன்று என்னிடம் இருந்ததே
அது கெட்ட பிறகுதான் தெரியும்.
அறுக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது.
மார்ஃபின் மாத்திரை
ராத்திரி இரண்டு மணிவரை கூட இருக்கும்,
அப்புறம் என்னையும் சுவரையும் விட்டுவிட்டுப் போய்விடும்.

டாக்டர் நிஷாத், என் மகளைவிட இளையவர்,
சீட்டின் பின்பக்கம் ஒரு முதுகெலும்பு வரைந்தார்.
முன்னால் பெரிய ரத்தக்குழாய்,
அதைச் சுற்றி நூல் சிக்கியதுபோல் நரம்பு.
“வேதனை போற வழி இதாணு அம்மே.
இதைக் கெடுத்துவிட்டால் போதும்.
நோய் அங்கேயே இருக்கும்,
சேதி மட்டும் மேலே வராது.”
எவ்வளவு நாளைக்கு?
“மூணு மாசம். சிலருக்கு ஆறு.”
ஆறுக்கு அடுத்த எண்ணைச் சொல்லாமல்
பேனாவை மூடினார்.

எதை வைத்துக் கெடுப்பீர்கள் என்று கேட்டது ஜெபஷீலா.
“ஆல்கஹால்.”

சிரித்துவிட்டேன். சிரித்தால் வலிக்கும், இருந்தாலும்.

எங்கள் முக்கில் சாராயக்கடை திறந்த அன்று
விளக்குமாறோடு முன்வரிசையில் நின்றவள் நான்.
இங்கே அடைத்தால் அவர் அங்கே போவார்,
அங்கே அடைத்தால் இங்கே.
இரண்டு மாநிலத்தின் எல்லையால்
ஏசுவடியானுக்கு இருந்த பிரயோஜனம் அதுதான்.
கடைசி வருஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
“எட்டி ரோசு, வல்லாத்த நோவு” என்பார்.
நோவோ, குடிக்க ஒரு சாக்கோ என்பேன்.
ஒருநாள் குப்பியைத் தென்னந்தடத்தில் கவிழ்த்தேன்.
மண் குடித்து முடிக்கும்வரை
பார்த்துக்கொண்டே நின்றார்.

குப்புறப் படுக்கச் சொன்னார்கள்.
வயிற்றுக்கடியில் தலையணை.
முதுகில் ஜில்லென்று துடைத்த பஞ்சிலும்
அதே வாடை.
பக்கத்துக்கு இருபது மில்லி.
“இப்ப எரியும், அம்மே, அனங்காதே.”
எரிந்தது.
அண்டிப் பால் பட்டதுபோல,
ஆனால் தோலே இல்லாத ஓர் இடத்தில்.
அந்தப் பால் தின்றுதான் என் விரல்ரேகை போயிற்று,
ரேஷன்கடை மெஷின்
இப்படி ஒரு பொம்பிளையே இல்லை என்கிறது.

பிறகு ஒன்றுமில்லை.
இந்த ஒன்றுமில்லையை எப்படிச் சொல்ல?
கரண்டு போய் ஆபீஸ் மெஷின்கள் ஒன்றாய் நின்றதும்
பக்கத்திலிருப்பவள் மூச்சுவிடுவது
முதல்முறையாகக் கேட்குமே,
அப்படி.

மறுநாளும் எழுந்தால் தலை சுற்றியது.
பிரஷர் இறங்கும், வயிறு இளகும்,
இரண்டு மூன்று நாளில் சரியாகும் என்றார்கள்.
களியக்காவிளையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது
கால் பின்னிற்று.
லாட்டரிக்காரன் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான்:
“அக்கரையில் ஊத்திட்டு வருது.”
ஜெபஷீலா முகம் சிவந்தாள்.
நான் நின்று, மூச்சு வாங்கி,
“ஆமா, நாற்பது மில்லி” என்றேன்.

இன்று மரச்சீனி அவித்து, மத்திக் குழம்பு ஊற்றி
நாலு வாய் தின்றேன்.
இப்போது மல்லாந்து படுத்திருக்கிறேன்.
எட்டு மாதத்தில் முதல்முறையாக
ஓட்டுக்கூரையைப் பார்க்கிறேன்.
ஒட்டடை அடிக்கவேண்டும்.
உள்ளே அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்,
எனக்குத் தெரிவிக்காமல்.

அவருக்கு எங்கே வலித்தது?
முன்னாலா, முதுகுக்கு ஏறியதா,
குனிந்தால் தாங்கியதா?
குனிந்துதான் நிற்பார்.
போதையில் நிற்கிறார் என்று நினைத்தேன்.