பதினோரு அடி

மூன்றாம் அறைக்கு நான் காவல்.
திங்கள் விடுமுறை. மற்ற நாட்களில்
பத்திலிருந்து ஐந்துவரை
தொடாதீர்கள் என்று சொல்வது வேலை.

கூரையிலிருந்து தொங்குகின்றன
முகக்கவசத்தின் காதுநாடாக்கள்,
முனையோடு முனை தைத்து நீட்டியவை,
நூற்று நாற்பத்தேழு.
ஒவ்வொரு நுனியிலும் ஓர் அட்டை:
தேதி, நிலையம், அடிக்கணக்கு.

செய்தவள் சொத்தியரி.
பெற்றோர் கம்போடியா. இவள்
தெற்கு பிலடெல்பியாவில், ஏழாம் தெருவில் பிறந்தவள்.
சீனாவுக்கே திரும்பிப் போ என்று ஒருவன் கத்தியபோது
எந்தப் பக்கம் திரும்புவதென்று
நிஜமாகவே தெரியவில்லையாம்.

அவள் உட்கார்ந்ததும் எழுந்து போனவர்கள்
எங்கே போய் உட்கார்ந்தார்களோ அதுவரை
இருக்கைகளை எண்ணி
இரவில் அடியாக மாற்றி வெட்டியிருக்கிறாள்.

பிப்ரவரி 27. ஸ்னைடர். நான்கு அடி.
மார்ச் 3. நான்கரை.
(பிள்ளைத்தாய்ச்சி, விட்டுவிடலாம் என்று பென்சிலில்.
விடவில்லை.)
மார்ச் 10. பதினோரு அடி.

ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று
ஊருக்கெல்லாம் சொன்னது
அதற்கப்புறம்தான்.

ஒரு நாடா மட்டும் தொங்கவில்லை.
தரையில் சுருண்டு கிடக்கிறது.
பேருந்து நிறுத்தத்தில் அவள் மாமாவுக்கு விழுந்தது.
அந்த அடிக்கு எண் எழுதவில்லை.

திறப்பு நாளன்று யாரோ கேட்டார்கள்,
ரயிலில் இருமல் வந்தால் என்ன செய்வீர்கள்?
விழுங்கிவிடுவேன் என்றாள்.
சிரித்தார்கள். அவளும்தான், கொஞ்சம் தாமதமாக.

என் நாற்காலி இருப்பது
பதினோரு அடிக்குக் கீழே.
மார்ச் 10, செவ்வாய்.
அந்தத் தடத்தில்தான் நானும் வேலைக்கு வருவேன்.

எழுந்தேன், ஒருநாள்.
எந்த நாள் என்று நினைவில்லை.
பச்சைக் கோட்டு. தொண்டையைச் செருமினாள், அவ்வளவுதான்.
கடைசிக் கதவோரம் போய் நின்றுகொண்டேன்.
பெட்டியில் கூட்டமில்லை.
இறங்க இன்னும் ஐந்து நிலையம் இருந்தது.

என்னைக் கண்டு கைப்பையை இறுக்கியவர்கள் உண்டு.
என் கறுப்புத் தோலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது,
நாற்பது வருஷத்துக் கணக்கு.
தெரிந்துதான் எழுந்தேன்.

அவள்தானா?
முகம் பார்த்திருந்தால் சொல்லலாம்.

போன வாரம் ஒரு நாடா அறுந்து விழுந்தது.
ஏணியோடு வந்தாள்.
கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா?
பிடித்தேன்.
அவள் செருப்பு என் தோளுக்கருகே.
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் பல்லிடையே ஊசி.
தைத்து முடித்து, நூலைக் கடித்து,
இறங்கி, நன்றி என்றாள்.
சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்து
என் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.

ஐந்து மணிக்கு விளக்கணைக்கும்போது
நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாமே
என்று தோன்றும்.

போட்டுக்கொள்வதில்லை.