உப்பு இறக்குதல்

இன்று ஒன்பதாம் நாள்.
தண்ணீரை மாற்றுமுன் மானியைத் தோய்க்கிறேன்:
இரண்டாயிரத்து எண்ணூறு.
போன முறை மூவாயிரத்து நூறு.
தாழி தன் உப்பை
மெல்லத்தான் விடுகிறது.

நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள்
மூன்று பிளாஸ்டிக் தொட்டிகளில்.
உப்பு இறங்குமுன் ஒட்டினால்
உள்ளிருந்து வெள்ளையாய்ப் பூத்து
மேல்தோலை உரித்துத் தள்ளிவிடும்.
அவசரப்பட்டவர்கள் ஒட்டிய பானை ஒன்று
மேல்தட்டில் இருக்கிறது.
தும்மினால் உதிரும்.

உட்துறைமுக வீதியில்
சுங்கக்காரர் கைவிட்ட கட்டடம் இது.
யன்னலைத் திறந்தால் கடல் வரும்
மூடினால் பூஞ்சணம்.
ஈரம் குடிக்கும் நீல மணிகள்
குடித்து முடித்து ரோசாவாகிவிட்டால்
நானும் பஸ்லியாவும் சட்டியில் வறுத்து
மறுபடி நீலமாக்குவோம்.
காவலாளி தேவநேசன் எட்டிப் பார்த்து
"கடலையா?" என்பார், ஒவ்வொரு முறையும்.

காய்ச்சி வடித்த நீர்
கொழும்பிலிருந்து வரவேண்டும்.
கடிதம் போயிருக்கிறது.
ஆகவே பக்கத்து வங்கியின் குளிரூட்டிகளுக்குக் கீழே
எங்கள் வாளிகள்.
காசு எண்ணும் அறையின் வியர்வையில்
ஊறுகிறது யாரோ ஒருவரின் தாழி.

மூதூரில் கிணறு வெட்டும்போது
கண்டெடுத்தவர் மீராசாகிபு.
பதினொரு அடியில்
அலவாங்கு வேறு குரலில் பேசியதாம்.
எலும்பு என்ற சொல்
அவர் குழியிலிருந்து ஏறுமுன்னே
ஊருக்குள் போய்விட்டது.
நாலு பெண்கள் ஓடி வந்தார்கள்.
ஒருத்தியிடம் படம்.
ஒருத்தியிடம்
கோடுபோட்ட சாரத்தின் நிறம், மனப்பாடமாக.
பொலிஸ் வந்தது. நீதவான் வந்தார்.
கடைசியாய் வந்த தொல்லியல்காரர்
கறுப்பும் சிவப்புமான ஓட்டைப் புரட்டிப் பார்த்து
"ரெண்டாயிரம் வருசம் இருக்கும்" என்றார்.
இரண்டு பெண்கள் அழுதார்களாம்.
எதற்கென்று
"நான் கேக்கல்ல புள்ள" என்றார் மீராசாகிபு.

திணைக்கள ஜீப்புக்கு டீசல் இல்லாத மாதம்.
உமி பொதிந்த சாக்கில் கட்டி
லோஞ்சில் தானே கொண்டுவந்தார்.
கொட்டியாரக் குடாவைக் கடக்க
சாக்குக்கு அரை டிக்கட்.
அந்தத் துண்டுச் சீட்டையும்
பதிவேட்டில் ஒட்டியிருக்கிறேன்.

எலும்புகள் தனி இழுப்பறையில்.
பருத்தி விரித்து, வெளிச்சம் படாமல்.
படிவம் நான்தான் நிரப்பினேன்.
பெயர்: பொருந்தாது.
வயது: முப்பதுக்கு மேல்.
உரிமை கோருவோர்:
பஸ்லியா அதில் ஒரு கோடு இழுத்தாள்.
கொஞ்ச நேரம் கழித்து
அவளே அழித்தாள்.
வெறுமையாகவே விட்டோம்.

விளிம்பில் ஒரு கையகலம் கிடைக்கவேயில்லை.
சாந்து வைத்து நிரப்பவேண்டும்.
"நிறம் ஒத்துப் போகட்டும்,
பாக்கிற சனத்துக்கு முழுசாத் தெரியோணும்"
தலைமையகத்துப் பெரியவர் தொலைபேசியில்.
"ஓம் சேர்" என்று சொல்லி வைத்தேன்.
சாந்தை
ஒரு படி வெளுப்பாகத்தான் குழைப்பேன்.
கிட்ட வந்து பார்க்கிறவர்
இல்லாதது எதுவென்று
கண்டுபிடிக்கட்டும்.
பசையும்கூட
பிறகொருத்தி வந்து கழற்றக்கூடிய பசைதான்.
எனக்குத் தெரியாதது
அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மாற்றிய தண்ணீரை முதலில்
முற்றத்து வேம்படியில் ஊற்றினோம்.
இலை கருகியது.
இப்போது வீதியைக் கடந்து
கடலில் ஊற்றிவிட்டு வருகிறோம்.
முச்சக்கரவண்டிக்காரர்கள்
மீன் கழுவிய தண்ணீர் என்று நினைக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து
மீராசாகிபு வருவார்.
அந்தக் குழியை மூடிவிட்டார்களாம்.
முப்பது அடி தள்ளி வெட்டியதில்
தண்ணீர் உண்டு, சவர்.
"நம்மட ஆள் எப்பிடி?" என்று கேட்பார்
வார்டுக்கு வந்தவர் மாதிரி.
நான் மானியை எடுக்கத் திரும்பியபோது
சுட்டுவிரலைத் தொட்டியில் நனைத்து
நாக்கில் வைத்துவிட்டார்.

"ஐயோ, அது—" என்றேன்.

கண்ணை மூடி நின்றார்,
எந்தக் கிணற்றடியிலும் நிற்பதுபோல.

"இன்னும் இருக்கு" என்றார்.
"இன்னும் கொஞ்ச நாள் வையுங்க."