நூ என்றால் எத்தனை பேர்

டத்தோ கிராமாட் சாலை மாமாக் கடையில்
மின்விசிறிக்கு நேர்கீழே ஒரு மேசை.
பிரெஞ்சில் அது பெண்.
மேலே கிடக்கும் நெளிந்த கரண்டி பெண்,
முள்கரண்டியும் பெண்.
கிளாஸ் ஆண், அதிலிருக்கும் தே ஓவும் ஆண்.
"ரொட்டி சானாய்க்கு என்ன பால்?"
நோட்டைப் பார்த்தபடி தமிழில் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.
ஆர்டர் எடுக்க வந்தவர்
"டின்பால்தாங்க" என்றார்.

சனிக்கிழமை தேர்வு. இன்று புதன்.
ஒரு மணி நேரம், இருநூற்றைம்பது சொல்,
முகம் தெரியாத ஒரு மேயருக்குக் கண்டனக் கடிதம்:
ஊர் நீச்சல்குளத்தை மூடாதீர்கள், ஐயா.
எங்கள் மூவரில் ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது.
இத்தனைக்கும் சுற்றிலும் கடல்.

பசியை அவர்கள் வைத்திருக்கிறார்களாம்,
வயதையும்.
எனக்குப் பசி எடுக்கிறது, வயது ஆகிறது,
எதுவும் கையில் நிற்பதில்லை.
'அதாவது' என்பதற்குக் கோடுகளால் கோத்த நீளச் சொல் ஒன்று;
எண்ணிக்கையில் அது ஒன்றுதான் என்றதும்
பெய் ஷானுக்குக் கோபம்.

அப்புறம் அந்த இறந்தகாலம்.
கடிதம் பின்னால் வந்தால் வினை அசையாது.
கடிதம் முன்னால் வந்துவிட்டால்
வினைக்கு வால் முளைக்கிறது.
ஏன், என்று ஹஸ்வானி நாலாவது முறையாகக் கேட்டாள்.
கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொண்டு சொன்னேன்:
முன்னாலேயே வந்து உட்கார்ந்தவருக்கு
எழுந்து நின்று கும்பிடு.
பந்தி தொடங்கியபின் வருகிறவரை
யார் பார்க்கிறார்கள்?
அதை அவள் மலாயில் எழுதிக்கொண்டாள்,
ஓரத்தில் ஒரு நாற்காலி வரைந்து.

பெய் ஷானுக்கு லியோனில் அடுமனைப் பள்ளி.
ஹஸ்வானிக்கு துலூஸ், விமானப் பொறியியல்.
எனக்கு பத்து ஃபெரிங்கி ஹோட்டலில்
மாதம் நூற்றைம்பது ரிங்கிட் மொழிப்படி.
அவர்களிடம் பாரிஸ் என்று சொல்லியிருந்தேன்,
யாரும் மேலே கேட்காத ஊர்.

கடிதத்தின் முதல் சொல்லில்தான் சிக்கினோம்.
நூ.
நாமா, நாங்களா?
மேயரையும் சேர்த்தா, சேர்க்காமலா?
"கித்தாவா, காமியா?" ஹஸ்வானி நிமிர்ந்தாள்.
"லான், வாலாங்! எங்கள் ஹொக்கியனிலும் உண்டு"
பெய் ஷான் மேசையைத் தட்டியதில் தே ஓ தளும்பியது.
மூன்று வீட்டிலும் அதே கதவு:
கேட்கிறவரை உள்ளே அழைக்க ஒரு சொல்,
வாசலோடு நிறுத்த இன்னொன்று.
பிரெஞ்சுக்காரர்கள் எப்படித்தான்
சண்டை போட்டுப் பிரிகிறார்களோ என்று
அப்படிச் சிரித்தோம்,
கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள்
கோலைத் தவறவிட்டோமோ என்று திரும்பினார்கள்.
பட்டர்வர்த் போகும் கடைசி ஃபெர்ரிக்கு
ஹஸ்வானி ஓடினாள்,
பேனா மூடியை விட்டுவிட்டு.

அது இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

முடிவு ஒரு மாதம் கழித்து, வேலை நேரத்தில் வந்தது.
நாற்பத்தெட்டரை.
ஐம்பது வேண்டும்.
அடுத்த நிமிடமே பெய் ஷானின் செய்தி,
மூவருக்குமான குழுவில்:
நூ ஸாவோன் ரெயுஸி.
தேறிவிட்டோம்.

வாலைத் தேடினேன். இல்லை.
முன்னால் வந்து உட்கார்ந்தது எதுவும் இல்லாத வாக்கியம்,
வால் தேவையில்லை,
பிழையில்லாமல்தான் எழுதியிருக்கிறாள்.
கேட்டால் சொல்லியிருப்பாள்,
லான் என்றோ வாலாங் என்றோ.
நான் கேட்கவில்லை.
பிராவோ, என்று போட்டேன்.
அதில் யாரும் இல்லை.

வரவேற்பு மேசையில் மணி அடித்தது.
ஈரத் தலையோடு ஒருவர்,
துண்டு வேண்டுமாம்.
நீச்சல்குளத்தை எத்தனை மணிக்கு மூடுவீர்கள்
என்று கேட்டார்.