பத்தொன்பது புள்ளி நான்கு

வேதியியல் படித்தவன் நான்.
கோட்டூர் கொள்முதல் நிலையத்தில்
நெல்லுக்கு ஈரம் பார்க்கிறேன்.

பதினேழு வரை எடுப்போம்.
செண்பகவல்லியின் குவியல் நேற்று இருபத்தொன்று.
இன்று பத்தொன்பது புள்ளி நான்கு.
தார்ச்சாலையில் காலால் துழாவித் துழாவி
இவ்வளவு இறக்கியிருக்கிறார்.
கிழக்கே மறுபடி இருட்டுகிறது.

'தெவிட்டிய கரைசல்' என்று
முதன்முதலில் எழுதிய அன்று
எனக்குப் பாயசம்தான் ஞாபகம் வந்தது:
நாலாவது கரண்டிக்கு
இலையை மறைக்கும் கை.
இனி உப்பு வேண்டாம் என்கிற தண்ணீர்.

எதிரே வயலும் அப்படித்தான்,
குடித்தது போதுமென்று
வரப்பு தெரியாமல் நிற்கிறது.
ஆடியில் முறை வைத்துத் தண்ணீர் விட்டபோது
வாய் பிளந்து கிடந்த அதே மண்.

அதிதெவிட்டிய கரைசல் என்று ஒன்று உண்டு.
அளவுக்கு மேல் கரைந்திருக்கும்,
பார்த்தால் தெளிந்த தண்ணீர்.
ஒரு துகள் விழ வேண்டும்.

வரிசையில் முப்பது பேர். பேச்சில்லை.
கருவியைத் தட்டி மறுபடி வைக்கிறேன்.
பத்தொன்பது புள்ளி ஐந்து.

"எம் மூச்சையும் சேத்து அளக்குதோ?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்.
கடைசியில் நின்றவர் வந்து
தன் மூட்டையை
என் மேசைமேல் வைத்தார்.
அடுத்து இன்னொருவர்.
அடுத்து